மஞ்சள் விழுந்த மூலை

கணினி படித்தவன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் போதும், மின்சாரத்தில் ஓடும் எந்தச் சாமான் பழுதானாலும் அது நேரே அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்தது மென்பொருள். தேற்றாத்தீவில் எங்கள் வீட்டுக்கு வந்ததோ ரைஸ் குக்கர், தண்ணீர் மோட்டர், பக்கத்து வீட்டு அக்காவின் மிக்ஸி. ஒன்றையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. ‘தெரியாது’ என்று சொல்வதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்வது எனக்கு எளிது. எல்லாவற்றையும் தைரியமாகக் கழற்றுவேன். (பூட்டுவது வேறு கலை. அந்த ரைஸ் குக்கரின் சட்டியில் இப்போது எங்கள் கோழிகள் தண்ணீர் குடிக்கின்றன.)

இந்தத் தைரியத்தோடு இருந்த காலத்தில்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள்.

பெண் மண்டூர். பெயர் வினோதினி, கணித ஆசிரியை. அவளுடைய அப்பா வட்டை விதானை. வயல் வட்டையில் யாருடைய காணிக்கு எப்போது குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுவது என்று பார்க்கிற பொறுப்பு அவருடையது. மாரி காலத்தில் எல்லாரும் அவரை மதிப்பார்கள். கோடையில் சிறுபோகம் வந்து தண்ணீர் குறைந்தால் அதே ஆட்கள் அவரைத் திட்டுவார்கள். சாதகம் பொருந்திவிட்டது, இரண்டு பக்கத்துக்கும் பிடித்துவிட்டது, என் அம்மாவும் அவளுடைய அம்மாவும் போனில் மணிக்கணக்காகக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். விதானையார் மட்டும் இன்னும் வாயைத் திறந்து ‘சரி’ என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி போவது வழக்கம். ஆகவே அந்த ஒரு ‘சரி’யில் எனக்கு வரப்போகும் மனைவியோடு, நான் வாழப்போகும் வீடும் சாப்பிடப்போகும் சோறும் சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன.

ஒரு நாள் அவரே போன் எடுத்தார்.

“தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா இஞ்சால வந்திட்டுப் போங்களன். மாமி நண்டு காய்ச்சப்போறாவாம்.”

“ஓம் மாமா, வாறன்.” (பேச்சு முடியும் முன்னமே மாமா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். அதுவும் அந்தத் தைரியம்தான்.)

“மறுகா, தம்பி… உங்களுக்கு இந்த பிரிண்டர் பழக்கமா? நம்மட பிரிண்டர் ஒண்டு செம்மஞ்சள் லைட்டைப் போட்டுக்கொண்டு சும்மா இரிக்கி.”

“அது சின்ன விசயம் மாமா.”

நான் அதுவரை ஒரு பிரிண்டரைத் திறந்து பார்த்தவனில்லை. அம்மா தரகரிடம் என்னை ‘கம்ப்யூட்டர் இஞ்சினியர்’ என்று சொல்லியிருந்தாள். உண்மையில் நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு சிறிய கம்பெனியில் சம்பளக் கணக்கு மென்பொருளுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தேன். ஆனாலும் பயப்படவில்லை. சனிக்கிழமை முழுவதும் போனில் வீடியோ பார்த்தேன். அங்கேதான் அந்த இரகசியம் கிடைத்தது. எல்லா பிரிண்டர்களுக்கும் உள்ளே, பழுது பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு மறைவான வழி இருக்கிறதாம். அதன் பெயர் சர்வீஸ் மோட். முதலில் பிரிண்டரை அணைக்க வேண்டும். நிறுத்தும் பட்டனை அமத்திப் பிடித்துக்கொண்டே பவர் பட்டனையும் அமத்த வேண்டும். பவரை விடாமல் மற்றதை விட்டு, அதையே ஐந்து தடவை தட்டி, பிறகு இரண்டையும் விட வேண்டும். அவ்வளவுதான். பிரிண்டர் தன் வாயாலேயே நோயைச் சொல்லிவிடும். சோதனைப் பக்கம் ஒன்றை அடித்துக் காட்டும்.

எங்கள் வீட்டு டிவி ரிமோட்டில் அன்று மாலை முழுவதும் பழகினேன். அப்பா நாடகம் பார்க்க முடியாமல் எழுந்து போய்விட்டார்.

ஞாயிறு காலை மண்டூர் போகக் குருமண்வெளித் துறையில் பாதை ஏறினேன். எங்கள் வாவியில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். வேகம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மாமா வீட்டு விறாந்தையில் மேசை போட்டு, பிரிண்டரைத் துடைத்து, அதற்கு முன்னால் எனக்கு ஒரு கதிரையும் வைத்திருந்தார்கள். நண்டு எனக்காக அல்ல, பிரிண்டருக்காக என்பது அப்போதுதான் விளங்கியது. மாமா எதிரே இருந்தார். அவருடைய தம்பி, செல்வம் சித்தப்பா, ஒரு வாளியில் கோதுமை மாப் பசை காய்ச்சிக் கலக்கிக்கொண்டு நின்றார். வினோதினி கதவடியில் இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சிவப்புப் பேனை மட்டும் இடைக்கிடை நின்று நின்று ஓடியது.

மாமா விசயத்தைச் சொன்னார். சிறுபோகத்துக்கு வயல் செய்கிற கமக்காரர் கூட்டம் வைக்க வேண்டும். குளத்தில் தண்ணீர் குறைவு. எந்தெந்தக் காணிக்கு விதைப்பு, யாருக்கு முதல் தண்ணீர் என்பதைப் பேசி முடிக்க வேண்டும். கூட்டம் என்று அறிவித்தல் ஒட்டினால் ஒருவரும் வருவதில்லை. வராதவர்கள்தான் பிறகு வாய்க்கால் கட்டில் நின்று சண்டை பிடிப்பார்கள். இந்த முறையும் அறிவித்தலை முந்தின கிழமையே அடித்து முடித்துவிட்டாராம். அதன் பின்பக்கத்தில் உர மானிய விபரத்தை அடிப்பதற்காகத் தாள்களைத் திருப்பி பிரிண்டரில் வைத்தபோதுதான் அது படுத்துவிட்டது.

இதையெல்லாம் அவர் தெளிவாகத்தான் சொன்னார். தாள்கள் பிரிண்டருக்குள்ளேயே இருக்கின்றன என்பதையும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். என் காதில் விழுந்தது ‘படுத்துவிட்டது’ என்ற சொல் மட்டும்தான்.

“இதுக்கு ஒரு இரகசிய வழி இரிக்கி மாமா. கடைக்காரனுக்கே தெரியாது,” என்றேன்.

எல்லாரும் கிட்ட வந்தார்கள். மாமிகூட அகப்பையோடு வந்து நின்றா. நான் சட்டைக் கையை மடித்துவிட்டு (கையில் எண்ணெய் படுகிற வேலையா இது?) அமத்தினேன், பிடித்தேன், விட்டேன், ஐந்து தடவை தட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. பிரிண்டர் தொண்டையைச் செருமி ஒரு தாளைத் துப்பியது. கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று கட்டம் கட்டமாக ஒரு படம். ஓரத்தில் சின்னச் சின்ன எண்கள். அழகென்றால் அப்படி ஒரு அழகு.

“அடேயப்பா!” என்றார் சித்தப்பா.

அந்த ‘அடேயப்பா’வில் நான் நிறுத்தியிருக்கலாம். சில கட்டங்களில் வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. மை சரியாக வராத இடம் அது. “இன்னும் ஒருக்கா ஓட்டினா சரியாகிடும்” என்று மறுபடி தட்டினேன். இந்த முறை எத்தனை தட்டினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வினோதினி பேனையை வைத்துவிட்டு என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கணக்கு பிழைக்காமல் என்ன செய்யும்? பிரிண்டர் ஒன்று அடித்தது, இன்னொன்று அடித்தது, பிறகு நிறுத்தும் எண்ணமே இல்லாமல் அடித்துக்கொண்டே போனது. நான் ஏதோ எதிர்பார்த்த விசயம் நடப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கடைசித் தாளும் வந்த பிறகு தானாகவே நின்றது. செம்மஞ்சள் விளக்கு பழையபடி மினுங்கத் தொடங்கியது.

மாமா ஒரு தாளைத் திருப்பினார். ஒரு பக்கம் கூட்ட அறிவித்தல், மறுபக்கம் என் கட்டங்கள். எல்லாத் தாளிலும் அதே.

“இப்ப வேலை செய்யுமா தம்பி?”

“சோதனை நல்லா வந்திருக்கு மாமா,” என்றேன். (நோயாளி எழும்பவில்லை, ஆனால் எக்ஸ்ரே தெளிவு என்பது மாதிரி.)

அவர் தாளைச் சுவரில் வைத்துப் பார்த்தார். “பரவாயில்ல. பின்பக்கம்தானே, சுவரில ஒட்டினா தெரியாது. உர விபரத்தை வாயால சொல்லுவம்.” தாள்களை அடுக்கிச் சித்தப்பாவிடம் கொடுத்தார். சித்தப்பா பசை வாளியை மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு கிளம்பினார்.

பிறகு நண்டு. அந்த நண்டைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை திசை மாறிவிடும். கடைசியில் சட்டியோடு எருமைத் தயிர் வந்தது. நான் இரண்டாம் தரம் போட்டுக்கொள்ளும்போது மாமா மெதுவாக, “வாற கிழமை அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்க, கதைச்சு முடிப்பம்” என்றார். ‘சரி’ என்ற சொல் வராவிட்டாலும் அதன் வாசனை வந்துவிட்டது. வினோதினி என் கோப்பையில் தண்ணீர் ஊற்றினாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உலகத்தில் என்னால் முடியாத காரியம் ஒன்றுமில்லை என்ற நினைப்போடு விடைபெற்றுத் துறையடிக்கு நடந்தேன்.

துறையடியில் கூட்டம். பாதைக்குக் காத்திருக்கும் கூட்டம் தண்ணீரைப் பார்த்து நிற்கும். இது சுவரைப் பார்த்து நின்றது. எட்டிப் பார்த்தேன். சுவரில் என் கட்டங்கள், கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள், வெயிலில் பளபளவென்று. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக் கதவிலும் ஒன்று.

சித்தப்பா எழுத்துப் பக்கத்தில் பசையைப் பூசி, கலர் பக்கம் வெளியே தெரிய ஒட்டிக்கொண்டு போயிருந்தார். (பிறகு கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: “கறுப்பு எழுத்து ஒவ்வொரு போகமும் வாறதுதானே. இஞ்சினியர் மாப்பிள்ளை வந்து கலரில அடிச்சா, கலரைத்தானே காட்டவேணும்?”)

கூட்டத்தின் நடுவில் நின்றவர் கந்தக்குட்டி அண்ணன். வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் போய்ச் சேருமோ சேராதோ என்ற மூலையில் காணி வைத்திருப்பவர். அப்படிப்பட்டவர்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் வருவது நியாயம்தான். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்தார்.

“மனே, நீங்கதானே விதானையார் வீட்டுக்கு வந்த இஞ்சினியர்? இது நம்மட வட்டைப் படம்தானே?”

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. வரம்பு கட்டின வயல் துண்டுகள், துண்டுக்கு ஒரு நிறம், ஓரத்தில் காணி இலக்கம். ‘இல்லை அண்ணன், தாளைப் பிழையாக ஒட்டிவிட்டார்கள்’ என்ற ஒரு வசனம் போதும். எல்லாம் முடிந்துபோயிருக்கும். ஆனால் அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஞ்சினியர் என்று வேறு சொல்லிவிட்டார். என் முதுகு தானாக நிமிர்ந்தது.

“இது ஒரு தொழில்நுட்ப வரைபடம் அண்ணன்,” என்றேன்.

“நீலம் எண்டா?”

“அது பிரச்சினையில்லாத இடம்.”

“மஞ்சள்?”

“மஞ்சள்… கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடம்.”

அவருடைய விரல் படத்தின் கீழ் மூலைக்குப் போனது. மஞ்சள் கட்டம். நடுவில் வெள்ளைக் கோடு.

“என்ர காணி கிடக்கிற மூலை இதுதான். இந்த வெள்ளை என்ன மனே?”

“அது வந்து… அந்த இடத்துக்கு வரல்ல எண்டு அர்த்தம்.”

அன்று முழுவதும் நான் சொன்ன ஒரே உண்மை அது. மை வரவில்லை. ஆனால் கந்தக்குட்டி அண்ணன் மையைப் பற்றியா கேட்டார்?

“பாத்தீங்களாகா!” என்று அவர் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பிவிட்டன. “கூட்டம் வெக்கிறத்துக்கு முன்னமே கலர் அடிச்சு முடிச்சிட்டாங்க! எனக்குத் தண்ணி இல்லையாம்! வாங்கடா, விதானையாரைக் கேப்பம்!”

சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்க வாயெடுத்தவரும் கேட்காமலே அவர்களோடு போய்விட்டார். மோட்டார் சைக்கிள்கள் கிளம்பின. நடந்து போகிறவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பாதை வந்து துறையில் முட்டியது. நான் ஏறிவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓடித்தான் ஏறினேன்.

ஆனால் நடுவாவியில் ஓட முடியாது. பாதை அசைந்து அசைந்து போகிறது. பின்னால், வினோதினி வீட்டுப் பக்கம், புழுதி எழும்புவது தெரிகிறது. தப்பித்து ஓடுகிறவனுக்கு அதைவிடக் கொடுமையான வாகனம் கிடையாது. அப்போது போன் அடித்தது. வினோதினி. அவள் எனக்கு எடுத்த முதலாவது போன்.

“எங்க நிக்கிறீங்க?”

“பாதையில.”

“ஏறிட்டீங்களா?”

“ஓம்.”

“சரி.” வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே குரல். “முற்றம் நிறைய ஆக்கள் நிக்கிறாங்க. மஞ்சள் எண்டா என்னெண்டு அப்பாக்கிட்ட கேக்கிறாங்க. அப்பாக்குத் தெரியல்ல. உங்களுக்குத் தெரியுமா எண்டு கேக்கத்தான் எடுத்தன்.”

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் நான் அக்கரையில் இறங்கி பஸ் ஏறியிருப்பேன். அவள் திட்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் எத்தனையோ போகமாக ஊருக்குத் தண்ணீர் பங்கிட்டவர். என் ஒரு வாய்க்கொழுப்பால் தன் வாசலிலேயே களவாளி மாதிரி நிற்கிறார்.

அக்கரையில் எல்லாரும் இறங்கினார்கள். பாதைக்காரர் என்னைப் பார்த்தார். “தம்பி, இறங்கல்லையா?”

“இல்ல அண்ணன். திரும்பிப் போகவேணும்.”

திரும்பிப் போன பயணம் வந்ததைவிட நீளம்.

வீட்டு முற்றத்தில் நிற்க இடமில்லை. மாமா படியில் நின்றார். கந்தக்குட்டி அண்ணன் சுவரிலிருந்து பிய்த்த தாளைக் கொடி மாதிரிப் பிடித்திருந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சத்தம் நின்றது.

“தம்பி,” என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “மஞ்சள் எண்டா தண்ணி இல்ல எண்டு நீங்கதான் சொன்னீங்களாம். அப்படியா?”

நான் படியில் ஏறி நின்றேன். கதவடியில் வினோதினி.

“எனக்குத் தெரியாது மாமா.”

சொல்லிவிட்டேன். ஆனால் வீடு இடிந்து விழவில்லை. ஆகவே மிச்சத்தையும் சொன்னேன். “இது வட்டைப் படமே இல்ல. பிரிண்டர்ல மை சரியா வருதா எண்டு பாக்கிற கோடு. தாளைப் பிறத்தால ஒட்டிட்டாங்க. துறையடியில கேட்டபோது தெரியாது எண்டு சொல்ல வெக்கமா இருந்திச்சு. வாயில வந்ததைச் சொன்னன்.”

கந்தக்குட்டி அண்ணன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப மஞ்சள்?”

“மஞ்சள் மை அண்ணன்.”

“வெள்ளை?”

“மை வரல்ல.”

பிறகு கதவடியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. வாயைப் பொத்திக்கொண்டு தொடங்கிய வினோதினி, பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, பிறகு கீழே இருந்துகொண்டு சிரித்தாள். அது மாமிக்குத் தொற்றியது. மாமியிடமிருந்து முற்றத்துக்கு. நான் நடுவில் நின்றேன். அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முற்றத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிய்த்த தாளை வாங்கி, எழுத்துப் பக்கத்தைத் திருப்பினார்.

“விளங்குதா?” என்றார். “எத்தனை போகமா நான் எழுத்தில கூப்பிட்டன். ஒருத்தரும் வரல்ல. இண்டைக்கு வட்டை முழுக்க இஞ்சதான் நிக்கிது. இருங்க எல்லாரும். கூட்டத்தை இப்பவே வெப்பம்.”

வைத்தார்கள். ஏற்கெனவே கோபத்தில் இருந்தவர்கள் ஆனபடியால் ஒருவரும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. கந்தக்குட்டி அண்ணன் மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினார். கடைசி மூலையில் இருந்துகொண்டு, வாய்க்காலின் தலைப்பில் இருப்பவனின் பச்சையைப் பார்த்துக்கொண்டிருப்பது என்னவென்று சொன்னார். சிரித்தவர்கள் அமைதியாகிக் கேட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் முடிவு வந்தது. இருக்கிற தண்ணீருக்கு அளவாக எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விதைப்பது. தண்ணீர் இந்த முறை கடைசி மூலையிலிருந்து தொடங்குவது. மாமி முழு ஊருக்கும் தேத்தண்ணீர் ஊற்றி, என்னையும் பிரிண்டரையும் ஒரே வசனத்தில் ஏசினா.

எல்லாரும் போன பிறகு மாமா என் தோளில் கை வைத்தார். “அம்மா அப்பாவை வாற கிழமை கூட்டிக்கொண்டு வாங்க, மகன்.” தம்பியாக இருந்த நான் மகனாகிவிட்டேன். அதுதான் அவருடைய ‘சரி’.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் வினோதினியிடம் கேட்டேன், அன்று என்னில் எதைக் கண்டு ஒப்புக்கொண்டாய் என்று. “பாதையில ஏறினதைக் கேட்டதும் கதை முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். மறுகா படியில ஏறி நிண்டீங்க,” என்றாள். கையிலிருந்த கொப்பியை மூடிவிட்டு, “ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நீங்க தட்டினது ஏழு” என்றாள்.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறேன். பிரிண்டரும் இருக்கிறது. அதை யாரும் திருத்தவில்லை. செம்மஞ்சள் விளக்கு இன்னும் மினுங்குகிறது, ஒரு கடிதம்கூட அடிக்காது, சோதனைப் பக்கம் மட்டும் கேட்டால் உடனே தரும். எங்களுக்கும் அதுதான் தேவை. வெறும் எழுத்து அறிவித்தல் ஒட்டினால் மண்டூரில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே அறிவித்தலைக் கடையில் அடித்து எடுத்து, போகத்துக்குப் போகம் மாமா என்னைக் கூப்பிடுவார்: “மகன், அந்தப் பட்டனை ஒருக்கா அமத்தி விடுங்க.” கலர் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். சித்தப்பா சுவரில் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவார், ஒன்றில் கலர் தெரியும், மற்றதில் எழுத்து. முற்றம் நிறைந்துவிடும். வட்டையில் என் பெயர் மஞ்சள் மருமகன். சம்பளக் கணக்கு மென்பொருள் பற்றி ஒருவருக்கும் தெரியாது.

கந்தக்குட்டி அண்ணன் எப்போதும் கூட்டத்துக்கு முதல் ஆளாக வருவார். போன முறை வந்தபோது தாளைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

“மருமகன், நம்மட மூலை இன்னும் மஞ்சளாத்தான் இரிக்கி. அடுத்தமுறை அதுக்குக் கொஞ்சம் நீலம் போட ஏலுமா?”

அந்தக் கட்டங்களின் நிறத்தை மாற்றுவது எப்படி என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. விறாந்தையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த வினோதினி பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அது சின்ன விசயம் அண்ணன்,” என்றேன்.